கதவுகளை மூடிப் பார்த்தவர்

கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் அவரிடம் மட்டும் விசாரித்துவிடக் கூடாது என்பது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எழுதாத சட்டம். ஒருமுறை தலவாக்கலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் தெரியாத்தனமாக அவரிடம் போய்விட்டது. பையன் எப்படி, குடிப்பானா என்று கேட்டிருக்கிறார்கள். மூன்று வருஷமாகத் தனக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறான், குடித்துத் தான் பார்த்ததில்லை, குடிக்கிறானா இல்லையா என்று தனக்குத் தெரியாது என்றாராம். வந்தவர்கள் ஊற்றி வைத்த தேத்தண்ணியைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டார்கள். பையனின் தாய் மூன்று நாள் அவர் வாசலைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள். இத்தனைக்கும் அந்தப் பையன் வெற்றிலைகூடப் போடாதவன்.

நான் கல்யாணமாகி இறம்பொடைப் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்தபோது அவர் எனக்கு அடுத்த காம்பரா. உறவென்று ஒன்றும் இல்லை. அண்ணே என்று கூப்பிட்டேன், தங்கச்சி என்றார், அவ்வளவுதான் உறவு. லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, குடும்பத்துக்கு ஒரு அறை. ஒரு காம்பராவுக்கும் அடுத்ததுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் "நூறு வயசு" என்று சொல்லலாம். அதனால் அவரும் அண்ணியும் போட்ட சண்டையெல்லாம் எனக்கு மனப்பாடம். எல்லாம் ஒரே சண்டைதான். அண்ணி ஏதாவது கேட்பார், அவர் தெரியாது என்பார். "ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கிற முத்து உதுந்துருமா?" என்று அண்ணி கத்துவார். அதற்கும் அவர் யோசித்துத்தான் பதில் சொல்வார்.

இந்தப் புத்தி அவரைச் சும்மா விடவில்லை. நாடு சுதந்திரம் வாங்கிய கையோடு எங்களில் முக்கால்வாசிப் பேரை நீங்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள் அல்லவா, அதன்பிறகு குடியுரிமைக்கு மனுப்போட்டவர்களை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அவரும் போனார். நீ எங்கே பிறந்தாய் என்று கேட்டதற்கு எல்லாரும் நெஞ்சை நிமிர்த்தி இந்தத் தோட்டத்தில்தான் என்றார்கள். இவர், "இங்கதான் பொறந்தேன்னு அம்மா சொல்லும், எனக்கு நெனவு தெரிஞ்ச நாளா இங்கதான் இருக்கேன்" என்றிருக்கிறார். அதற்கு முன்னால் என்று கேட்க, அதற்கு முன்னால் நடந்தது தனக்குத் தெரியாது என்றிருக்கிறார். மனு தள்ளுபடி. பொய்யும் புரட்டும் சொன்னவனுக்கெல்லாம் கடதாசி கிடைத்தது, இவருக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் அவர் குடும்பத்தோடு நாட்டைவிட்டுக் கப்பலேறிப் போனதற்கு அந்த ஒரு பதில்தான் காரணம். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறெரியும்.

அவருக்குக் கான் வெட்டுகிற வேலை. மழைத்தண்ணீர் தேயிலைச் சரிவில் நேராக இறங்கி மண்ணை அறுத்துக்கொண்டு போகாமல் இருக்க, மலைக்குக் குறுக்கே வெட்டி வைத்திருக்கிற வாய்க்காலுக்குத்தான் கான் என்று பேர். நாங்கள் கொழுந்து பறிக்கிறவர்கள் மலையின் மேல்தோலைத்தான் பார்ப்போம். அவர் அதன் வயிற்றைப் பார்ப்பவர். அலவாங்கு என்கிற கடப்பாரையால் குத்திப் பார்க்காமல் புது மண்ணில் கால் வைக்கமாட்டார். உச்சியில் எங்கேயாவது விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு கண்டால், இந்தக் கரையில் ஒரு முளைக்குச்சி, அந்தக் கரையில் ஒரு முளைக்குச்சி அடித்து, நடுவில் கயிற்றால் அளந்து முடிச்சுப் போட்டு வைப்பார். வாரத்துக்கொரு தரம் போய் அதே கயிற்றைப் பிடித்துப் பார்ப்பார். மழைக்காலத்தில் ஓடைத் தண்ணீரைக் கண்ணாடிக் கிளாசில் மொண்டு வந்து ஜன்னலில் வைத்து, அடியில் எவ்வளவு மண் தங்குகிறது என்று பார்ப்பார். அவர் காம்பரா ஜன்னலில் அடுக்கி வைத்த கிளாஸ்களைப் பார்த்துவிட்டு, அண்ணன் வீட்டில் சாராயக்கடை போட்டிருக்கிறார் என்று ஊரெல்லாம் கேலி.

கேலிக்கு இன்னொரு காரணமும் உண்டு. மழை கூடிய நாட்களில், அவர் மனசுக்குச் சரிப்படவில்லை என்றால், அண்ணியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, பாயைச் சுருட்டித் தோளில் வைத்து, வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவைக்கிற பிள்ளை மடுவத்துக்குப் போய்விடுவார். அது எதிர்மேட்டில் இருந்தது. போகும்போது எல்லாக் காம்பராவிலும் எட்டி, இன்றைக்கு இங்கே படுக்க வேண்டாம் என்று தனக்குத் தோன்றுகிறது என்று சொல்லிவிட்டுத்தான் போவார். மண் சரிந்து வருமா என்று கேட்டால், தெரியாது என்பார். தெரியாதவன் பேச்சைக் கேட்டு நனைந்துகொண்டு யார் போவார்கள்? நான் வருவதற்கு முன்னால் இரண்டு தடவை, நான் வந்தபின் மூன்று தடவை அப்படிப் போயிருக்கிறார். ஒரு தடவையும் ஒரு கூடை மண்கூட விழவில்லை. சாமி ஊர்வலம் திரும்பிவிட்டது என்று பொடியன்கள் தகரத்தைத் தட்டுவார்கள். அவரோ தீபாவளிக்குப் புதுவேட்டி கட்டினவர் மாதிரி முகமெல்லாம் சிரிப்பாக வந்து காம்பராவைக் கூட்டுவார். சொன்னது பலிக்கவில்லையே என்று ஒரு மனுசனுக்கு இத்தனை சந்தோஷமா என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

என் மூத்த மகளுக்கு மூன்று மாதம் நடந்தபோது அந்த ஆனி மழை பிடித்தது. எங்களுக்குத் தண்ணீர் என்றால் பீலிதான். மலையிடுக்கில் வடிகிற தண்ணீருக்குத் தகரம் சொருகி வைத்த இடம். இறங்கி ஏற அரைமணி நேரம். தொட்டில் பிள்ளையை விட்டுவிட்டு, வழுக்குகிற பாதையில் குடத்தோடு ஏறி வரும்போதெல்லாம் அழுகைச் சத்தம் கேட்கிற மாதிரியே இருக்கும். மழை பிடித்த பத்தாம் நாள் காலையில் அடுப்பு மூட்ட எழுந்தேன். என் குசினிக்குப் பின்னால், மலைச்சரிவு வந்து முடிகிற இடத்தில், மண்ணைப் பிளந்துகொண்டு தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கையளவு தடிமன், பளிங்குத் தண்ணீர். நான் வாளியை வைத்தேன், நிறைந்தது. குடத்தை வைத்தேன், நிறைந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று முதலில் சொன்னது நான்தான். மஞ்சளும் குங்குமமும் முதலில் வைத்ததும் நான்தான். மத்தியானத்துக்குள் பன்னிரண்டு காம்பராவும் அங்கே கூடிவிட்டது. கோவில் தலைவர் ஒரு சூலத்தைக் கொண்டுவந்து நட்டார். தண்ணீர் வீணாகக் கூடாதென்று ஆண்கள் கல்லும் மண்ணும் அடுக்கிச் சின்னதாக ஒரு அணை கட்டினார்கள். வெள்ளிக்கிழமை பொங்கல் வைப்பதென்று பேசி முடித்தோம்.

அவர் சாயங்காலம் வேலை முடிந்து வந்து பார்த்தார். கிளாசில் மொண்டு தூக்கிப் பிடித்தார். பிறகு மழையோடு பீலிப் பக்கம் இறங்கிப் போய்விட்டு வந்தார். பீலியில் தண்ணீர் பாதியாகக் குறைந்துவிட்டது என்றார். பத்து நாள் மழையில் பீலி குறைந்தால், இது புதுத் தண்ணீர் இல்லை, அந்தத் தண்ணீர்தான் மலைக்குள்ளே வழி மாறி எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்திருக்கிறது என்றார். அணை கட்டித் தேக்கினால் மண் ஊறும், விட்டுவிடுங்கள் என்று கேட்டார். யாரும் விடவில்லை. மறுநாள் விடிந்ததும் அவரே அலவாங்கை எடுத்து அணையை உடைத்துத் தண்ணீரைப் பக்கத்து ஓடைக்குத் திருப்பிவிட்டார்.

அன்றைக்கு நான் பேசிய பேச்சை எழுத எனக்குக் கை வரவில்லை. என் பிள்ளை தாகத்துக்கு வந்த தண்ணீர் உனக்குப் பொறுக்கவில்லையா என்பதுதான் அதில் நல்ல வார்த்தை. தலைவர் கூட்டம் போட்டார். அம்மன் மேல் கை வைத்ததற்கு அவர் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஊற்றுக்கு முன்னால் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவானது. அவர் மறுக்கவில்லை. ஈரத் துணியோடு நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "தப்பா இருந்தா மன்னிச்சிரு தாயே" என்றார். அதென்ன இருந்தால் என்று தலைவர் மறுபடி விழச் சொன்னார். மறுபடி விழுந்து மறுபடி அதையேதான் சொன்னார். அணையை மறுபடி கட்டினார்கள்.

அன்று அந்தியில் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணி அழுகிற சத்தம் கேட்டது. "அம்மன் கனவுல வந்து போகச் சொன்னான்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன். அத்தனை பேரும் கேப்பாங்கள்ல" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அவர், "வராத கனவை வந்துச்சின்னு எப்படிச் சொல்றது?" என்றார். சண்டை போடுகிற குரல் இல்லை. சொல்லத் தெரியாமல் தவிக்கிற குரல். எனக்கு அது என்னவோ செய்தது. ஏசினவள்தான், ஆனாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவர் வாசலுக்குப் போனேன்.

"அண்ணே, மண்ணு வருமா?"

"தெரியாது தங்கச்சி. வராமலும் போகலாம்."

"தெரிஞ்சதைச் சொல்லுங்க."

சொன்னார். உச்சியில் வெடிப்பு போன வாரம் விரல் அளவு, இன்றைக்கு ஒரு சாண். ஊற்றுத் தண்ணீர் நேற்றுப் பளிங்கு, இன்றைக்குப் பால் கலந்த மாதிரி. பிறகு, உன் காம்பராக் கதவு சரியாக மூடுகிறதா என்று கேட்டார். இரண்டு நாளாகப் பிடிக்கிறது, மழைக்குப் பலகை ஊதியிருக்கும் என்றேன். மழைக்கு ஊதினால் பன்னிரண்டு கதவும் ஊத வேண்டும் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுருட்டும் பீடியும் பிடிக்காத மனுசன் அன்று காலையில் ஒவ்வொரு காம்பராவாகப் போய் நெருப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பைத்தியம் முற்றிவிட்டது என்று நாங்கள் சிரித்தோம். அவர் உள்ளே போய்ப் போய்க் கதவை மூடிப் பார்த்திருக்கிறார். ஊற்றுப் பக்கத்து ஆறு கதவும் பிடிக்கிறது, அந்தப் பக்கத்து ஆறும் நன்றாக மூடுகிறது. நிலை கோணிப்போயிருக்கிறது என்றார். அடியில் மண் நகராமல் நிலை கோணாது என்றார். அதற்குமேல் தனக்குத் தெரியாது என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பொங்கல் பொங்கி, கற்பூரம் காட்டுகிற நேரத்தில் நான் கூந்தலை அவிழ்த்துவிட்டேன். சின்ன வயசிலிருந்து எத்தனை பேர் சாமியாடிப் பார்த்திருக்கிறேன், அது ஒன்றும் கஷ்டமான வித்தை இல்லை. தலைவர் ஓடிவந்து, "யாரு வந்திருக்கிறது தாயே?" என்று கேட்டார். சேற்றில் விழுந்து எழும்பினேன்.

"நான் தலை முழுகப் போறேன்டா. மூணு நாளைக்கு இந்த லயத்துல ஒரு கண்ணு இருக்கக் கூடாது. இருக்கிற கண்ணை எடுத்துருவேன்."

எப்போது போக வேண்டும் என்று கேட்டார் தலைவர். இப்போதே என்றேன். பொங்கல் பானையோடு ஓடினார்கள். இருட்டுவதற்குள் பன்னிரண்டு காம்பராவும் காலி. பாதிப் பேர் பள்ளிக்கூடத்தில், பாதிப் பேர் பிள்ளை மடுவத்தில். வேலையை மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையா வந்து சத்தம் போட்டுவிட்டுத் துரையிடம் போனார். துரைக்கு மண் என்றால் காது கேட்காது. சாமி என்றால் மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஆள் வராது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். மூன்று நாள்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

மழை அன்றோடு நின்றுவிட்டது. சனிக்கிழமை வெயில் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை அதைவிட நல்ல வெயில். துணி காயப்போட இடமில்லை, பிள்ளைகளுக்குச் சளி, ஆண்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள். கோழிக்குத் தீனி போட்டுவிட்டு வருகிறோம் என்று இரண்டு பேர் கிளம்பினார்கள். தலைவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பிள்ளைக்குப் பால் கொடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். என் புருஷன் தொழிற்சாலை வேலை முடிந்து வந்து, உண்மையிலேயே சாமிதான் வந்ததா என்று காதோடு கேட்டார். பிள்ளை தூங்குகிறது, மெதுவாகப் பேசுங்கள் என்றேன். அண்ணன் மட்டும் பிள்ளை மடுவத்து வாசலில் உட்கார்ந்து, எதிர்மேட்டில் தெரிகிற லயத்துக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை, பெரட்டுக்குக் கொம்பு ஊதிக் கொஞ்ச நேரம் கழித்து, வெயிலில், மழைத்தூறல்கூட இல்லாமல் மலை இறங்கியது. நாங்கள் எதிர்மேட்டில் நின்று பார்த்தோம். தேயிலைச் செடிகள் நின்றபடியே நகர்ந்து வந்தன. நிழலுக்கு வைத்த சவுக்கு மரங்கள் ஒன்றையொன்று பிடித்துத் தள்ளின. சத்தம் பிறகுதான் வந்தது. அந்தச் சத்தத்தில் மூடிய கண்ணைத் திறந்து பார்த்தபோது ஆறு காம்பரா இல்லை. அவர் காம்பராவும் இல்லை, என்னுடையதும் இல்லை. என் மகளின் தொட்டில் கட்டியிருந்த கூரை வளைமரம் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. செத்தது பத்துப் பன்னிரண்டு கோழி மட்டும். எண்ணிப் பார்த்தோம், மனுச உயிர் ஒன்றும் குறையவில்லை. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அதன்பிறகு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. காய்ச்சல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து என் கையால் திருநீறு கேட்டார்கள். தலைவரே என் காலில் விழுந்தார். அடுத்த வருஷம் புது லயத்தில் அம்மனுக்குப் பொங்கல் வைத்தபோது முதல் மாலை எனக்கு என்றார்கள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. மாலையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, எனக்குச் சாமி வரவில்லை, நடித்தேன், இது அவருக்குப் போட வேண்டிய மாலை என்று எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டேன். கதவு சங்கதி, கிளாஸ் சங்கதி, கயிற்று முடிச்சு, ஒன்றுவிடாமல் சொன்னேன்.

 தலைவர் அவர் பக்கம் திரும்பினார். இந்த மனுசன் பார்க்காததைச் சொல்லமாட்டான் என்று எல்லாருக்கும் தெரியும். இவள் நடித்தது உண்மையா என்று கேட்டார்.

அவர் யோசித்தார். "கதவைப் பத்தி நான் சொன்னது நெசம். தங்கச்சி வந்து கேட்டதும் நெசம். ஆனா அன்னைக்கு அது வாயில பேசுனது யாருன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

அவ்வளவுதான். பொய்யே சொல்லாத மனுசன் சொல்லிவிட்டார், அம்மன்தான் பேசியிருக்கிறாள், பேசுகிறவளுக்கு அது எப்படித் தெரியும் என்று கூட்டம் முடிவுகட்டிவிட்டது. மாலை என் கழுத்திலேயே விழுந்தது. அவருக்கும் ஒரு மாலை போட்டார்கள், அதுவரைக்கும் லாபம். அதற்குப்பிறகு அவர் பாயைச் சுருட்டினால் வருமா வராதா என்று ஒருவரும் கேட்பதில்லை, அவரவர் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனோம். அவர் கப்பலேறும் வரைக்கும் நாலு தடவை போனோம். ஒரு தடவையும் ஒன்றும் விழவில்லை.

மாலை விழுந்த அன்றைக்கு எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மறுநாள் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு நேரே அவர் கான் வெட்டுகிற இடத்துக்குப் போனேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தப் பாரம் என்னைவிட்டு இறங்கியிருக்காதா என்று கேட்டேன். அவர் வெட்டிக்கொண்டே இருந்தார். ஆமாம் என்று அவர் சொல்லியிருந்தால் சாமி பேரில் கூத்தாடினவள் என்று என்னை அந்த லயத்தில் வாழவிட்டிருக்கமாட்டார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. உறைத்த நாளிலிருந்து அவரை நினைத்துக் கும்பிடாமல் நான் விளக்கேற்றியதில்லை. அன்றைக்கு எனக்கு வேறொன்று சொல்ல இருந்தது. யாரிடமும் சொல்லாதது. என் புருஷனிடம்கூடச் சொல்லாதது.

"அண்ணே, வெயில் அடிச்ச அந்த ரெண்டு நாளும் நான் என்ன வேண்டிக்கிட்டு இருந்தேன் தெரியுமா? எப்படியாச்சும் மண்ணு வந்துரணும், என் மானம் போயிரக்கூடாதுன்னு. எல்லார் வீடும் போகணும்னு வேண்டுனேண்ணே."

அவர் மம்பட்டியை நிறுத்தினார்.

"தெரியும் தங்கச்சி" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அந்த ஒரே தடவைதான். "மொத தடவை பாயைச் சுருட்டிக்கிட்டுப் போனப்ப நானும் அதைத்தான் வேண்டுனேன்."